ஜெர்மனி போகணுமா? முதல்ல பாரிஸ் போங்க!

காலேஜில் யாராவது "உனக்கு எந்த ஊரு?"ன்னு கேட்டு, நான் "அத்திப்பட்டு"ன்னு சொன்னா போதும். அடுத்த செகண்டே "ஓ... 'சிட்டிசன்' படத்துல வர்ற ஊரா?"ன்னு கேட்பாங்க. ஐயா சாமி, இல்லை! 2001-ல் அஜித் நடிச்ச அந்தப் படத்தில் வருவது அத்திப்பட்டி. மேப்பில் இருந்தே காணாமல் போன கற்பனை ஊர். எங்களுடையது அத்திப்பட்டு. மேப்பில் பத்திரமா இருக்கு. கும்மிடிப்பூண்டி லைன்ல ஒண்ணுக்கு ரெண்டா ஸ்டேஷனே இருக்கு... அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர்!

ஒரு பக்கம் வல்லூர் அனல் மின் நிலையம், இன்னொரு பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம். நடுவில் நாங்க. மொட்டை மாடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டா மாலையில் அது வேற கலர்ல வரும். கிழக்கே போனா காமராஜர் துறைமுகம். 2001-ல் எண்ணூர் துறைமுகமா தொடங்கி, 2014-ல் பேர் மாறினது. கப்பலில் நிலக்கரி இறங்கும், கார் ஏறும். அத்தனையும் டாலர் வியாபாரம். ஆனா எங்க தெருவில்? டீக்கடை இருக்கு, ரீசார்ஜ் கடை இருக்கு, அடகுக் கடை இருக்கு. டாலர் மாத்துற கடையை மட்டும் நான் பார்த்ததே இல்லை.

அது எங்களுக்குத் தேவைப்பட்டதும் இல்லை... பெரியம்மா பொண்ணுக்கு ஜெர்மனியில் எம்.எஸ். சீட் கிடைக்கும் வரைக்கும்!

11,904 என்ற நம்பர்

அக்காவுடையதுதான் எங்க வம்சத்திலேயே முதல் பாஸ்போர்ட். ஜெர்மனியில் பெரும்பாலான அரசு பல்கலைக்கழகங்களில் டியூஷன் ஃபீஸ் கிடையாதுன்னு கேள்விப்பட்டதும் வீடே துள்ளிக் குதிச்சது. அப்புறம்தான் வந்தது ட்விஸ்ட். ஸ்டூடன்ட் விசா வேணும்னா, ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவுக்கான பணத்தை அங்கே ஒரு 'பிளாக்டு அக்கவுன்ட்'டில் முன்கூட்டியே போட்டுக் காட்டணும். 2024 செப்டம்பரில் இருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. போய்ச் சேர்ந்த பிறகு மாசம் 992 யூரோ வீதம் எடுத்துக்கலாம்.

பெரியப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுறவர். பி.எஃப். பணம் கொஞ்சம், பெரியம்மாவின் நகைக் கடன் கொஞ்சம், சித்தப்பா கொடுத்தது கொஞ்சம்னு சேர்த்து வெச்ச பணம். கணக்கு சுலபமா இருக்க, ஒரு யூரோ 100 ரூபாய்னு வெச்சுக்கலாம். மொத்தம் 11,90,400 ரூபாய். இப்ப கவனிங்க... ஒருத்தர் 101-க்குத் தர்றார், இன்னொருத்தர் 102-க்குத் தர்றார். வித்தியாசம் ஒரே ஒரு ரூபாய்தானே? அந்த ஒரு ரூபாய்க்கு விலை 11,904 ரூபாய்! அக்காவின் குளிர் ஜாக்கெட்டும் சூட்கேஸும் அதுலயே வந்துடும்.

"நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே, கணக்கு போட்டுச் சொல்லு"ன்னு பெரியப்பா என்னையும் கூட அனுப்பி வெச்சார். எங்கே? பாரிஸுக்கு. அட, ஃப்ரான்ஸ் இல்லை பாஸ்... பாரிமுனை!

லோக்கல் ட்ரெயினில் ஒரு சில்லறை வரலாறு

காலையில் பீச் ஸ்டேஷன் போற லோக்கல். புதுநகர் தாண்டி கொசஸ்தலையாற்றுப் பாலத்தில் ட்ரெயின் ஏறினா ஒரு நிமிஷம் உப்புக் காற்று. அப்புறம் எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர்.

திருவொற்றியூர் வந்ததும் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். கோயிலுக்குன்னு நினைச்சேன். "பட்டினத்தாருக்குடா"ன்னாள். காவிரிப்பூம்பட்டினத்தில் பெரிய வியாபாரியா இருந்து, எல்லாச் செல்வத்தையும் உதறிட்டு வந்தவர்னு சொல்வாங்களே, அவருடைய சமாதி இங்கேதான். அவர் ஊரைத் தாண்டி நாங்க யூரோ வாங்கப் போறோம். முறைச்சிருப்பார்!

ராயபுரம் ஸ்டேஷன் வந்தது. 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பின இடம். அடுத்து பீச். இறங்கினா எதிரே பர்மா பஜார். பர்மாவில் இருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-ல் உருவான கடைத்தெரு.

ஒரு விஷயம் யோசிச்சுப் பார்த்தா எங்க லைன் முழுக்கவே காசு மாத்தின கதைதான். வடக்கே பொன்னேரியில் இறங்கிப் போனா பழவேற்காடு. அங்கே டச்சுக்காரங்க கோட்டை கட்டினதோட நிக்கலை, நாணயமும் அச்சடிச்சாங்க. தெற்கே ஜார்ஜ் டவுனில் தங்கசாலைத் தெரு. கம்பெனிக்காரன் நாணயம் அடிச்ச சாலையால் வந்த பேர். அன்னிக்கு மெட்ராஸில் ஒரு பகோடாவுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818-ல் ரூபாய்க்கு மாறினப்ப ஒரு பகோடாவுக்கு மூன்றரை ரூபாய்னு கணக்கு வெச்சாங்க. ஊருக்கு ஊர் வேற நாணயம் என்பதால், மாத்திக் கொடுத்தே பிழைச்ச சராப்புகள் அன்னிக்கும் இருந்தாங்க. ரேட் கேட்டு நாலு கடை ஏறி இறங்கின வியாபாரியும் இருந்திருப்பான். நாங்க ரெண்டு பேரும் அந்த வரிசையில் லேட்டஸ்ட்!

'ஜீரோ கமிஷன்'னா என்ன?

முதல் கடை. கண்ணாடியில் பெரிசா 'ஜீரோ கமிஷன்' போர்டு. கையில் கொண்டு போக 500 யூரோ நோட்டு வேணும்னு கேட்டோம். யூரோ 100-னு வெச்ச அதே கணக்கில் சொன்னா, அவர் சொன்ன ரேட் 104. ரெண்டாவது கடையில் கமிஷன் உண்டு, ரேட் 102.50. மூணாவது கடையில் பேரம் பேசினதும் 101.80. கமிஷனே வாங்காதவர்தான் இருக்கிறதிலேயே காஸ்ட்லி!

விஷயம் சிம்பிள். வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் ஒரு ரேட் இருக்கு. அதுதான் கூகுளில் தட்டினா வருவது. அந்த விலைக்கு நமக்கு யாரும் தரமாட்டாங்க. நமக்குச் சொல்லும் ரேட்டுக்கும் அதுக்கும் உள்ள இடைவெளிதான் கடைக்காரரின் லாபம். கமிஷன்னு தனியா வாங்கலைன்னா, அது ரேட்டுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். அதனால் "ரேட் என்ன?"ன்னு கேட்காதீங்க. "500 யூரோ என் கைக்கு வர, எல்லாம் சேர்த்து நான் எவ்வளவு தரணும்?"னு கேளுங்க. இந்த ஒரு கேள்விக்கு வர்ற பதிலை வெச்சு கடைகளை ஒப்பிட்டா ஏமாற மாட்டீங்க.

ஜி.எஸ்.டி. எல்லா இடத்திலும் உண்டு. அதைப் பார்த்து பயப்பட வேணாம். 1 லட்சம் ரூபாய் வரைக்கும் மாத்தினா, தொகையில் 1 சதவீதத்தை 'சேவை மதிப்பு'ன்னு எடுத்து (குறைஞ்சது 250 ரூபாய்), அதுக்கு 18 சதவீதம் வரி. 500 யூரோவுக்கு 100 ரூபாய்கூட வரலை. வரியில் போகிறதைவிட ரேட்டில் போகிறதுதான் அதிகம்.

இன்னொண்ணு... பாஸ்போர்ட், பான் கார்டு, விசா, டிக்கெட் கேட்பாங்க. கேட்டா சந்தோஷப்படுங்க. கேட்கலைன்னாதான் டேஞ்சர்! ரிசர்வ் வங்கி உரிமம் இருக்கான்னு பார்த்து, பில் வாங்கணும். ரூபாயை 50,000-க்கு மேல ரொக்கமா கொடுக்க முடியாது, வங்கிக் கணக்கு வழியாத்தான் போகணும். பில் இல்லாம "நல்ல ரேட் தம்பி"ன்னு சந்துக்குள் கூப்பிடுறவங்க பக்கமே போகாதீங்க. மாட்டினா ஃபெமா சட்டப்படி தொகையைப் போல மூணு மடங்கு வரை அபராதம். கள்ள நோட்டா இருந்தா யார்கிட்ட போய்க் கேட்பீங்க?

நோட்டு, கார்டு, வயர்

மூணாவது கடையில் இருந்த பெரியவர் எங்களை உட்கார வெச்சு க்ளாஸ் எடுத்தார். "நோட்டுன்னா அது பேப்பர்மா. ஃப்ளைட்ல வரணும், லாக்கர்ல இருக்கணும், இன்ஷூரன்ஸ் கட்டணும். அதான் விலை ஜாஸ்தி. வயர்ல அனுப்புறதுக்கு அந்தச் செலவு இல்லை. கார்டு ரெண்டுக்கும் நடுவுல."

அதாவது பெரிய தொகையை வங்கி வழியா அனுப்புங்க. மாசச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு. இறங்கின அன்னிக்கு டாக்ஸி, சாப்பாட்டுக்கு மட்டும் நோட்டு. ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைக்கும்தான் நோட்டா வாங்க முடியும் (ஒரு சில நாடுகளுக்கு மட்டும் விதிவிலக்கு). ஆனா அவ்வளவு நோட்டைக் கட்டிக்கிட்டுப் போக அவசியமே இல்லை.

கார்டில் ஒரு சூட்சுமம். ஜெர்மனி போறவங்க யூரோவாகவே ஏத்திக்கணும். டாலர் ஏத்தி யூரோவில் செலவு செஞ்சா ரெண்டு தடவை மாறும், ரெண்டு தடவையும் நஷ்டம். நம்ம ஊர் சாதாரண கிரெடிட் கார்டை அங்கே தேய்ச்சா, பொதுவா 2-ல் இருந்து 3.5 சதவீதம் வரை மார்க்-அப் போடுவாங்க, அதுக்கு மேல ஜி.எஸ்.டி. வெளிநாட்டுக் கடையில் கார்டு மெஷின், "ரூபாயில் பிடிக்கவா, யூரோவில் பிடிக்கவா?"ன்னு பாசமா கேட்கும். ரூபாய்னு அமுக்கினீங்க... முடிஞ்சது கதை! அந்த ஊர் நாணயத்தையே அமுக்குங்க.

பேரம் பேசலாம், வங்கியிலும்!

அடுத்து, அந்த 11,904 யூரோ. பெரியப்பா கணக்கு வெச்சிருக்கும் வங்கிக்குப் போனோம். கவுன்ட்டரில் ஒரு பிரின்ட் அவுட் காட்டினாங்க. அதுக்குப் பேர் கார்டு ரேட். காலையில் போட்ட ரேட், 102. கடையில் பேரம் பேசுற நாம, வங்கின்னதும் கையைக் கட்டிக்கிட்டு நிற்போம். பெரியப்பாவும் அப்படித்தான் நின்னார். ஆனா அக்கா கேட்டாள், "சார், தொகை பெரிசா இருக்கே... ட்ரெஷரியில் கேட்டு ஸ்பெஷல் ரேட் வாங்கித் தர முடியுமா?" ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். போன் போட்டார். பத்து நிமிஷத்தில் 101!

அந்தப் பத்து நிமிஷத்தில் மிச்சமானது 11,904 ரூபாய். பெரியப்பா எதுவும் பேசலை. வெளியே வந்ததும் மூணு பேருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். அவர் பாக்கெட்டில் இருந்து தானா பணம் வெளியே வந்ததை அன்னிக்குத்தான் பார்த்தேன்!

அனுப்பும்போது ரெண்டு விஷயம் கவனிக்கணும். இடையில் இருக்கும் வெளிநாட்டு வங்கி தன் பங்குக்குக் கொஞ்சம் பிடிச்சா, 11,904 போய்ச் சேரும்போது குறைஞ்சிடும். விசா வேலை இழுத்துடும். அதனால் எல்லாக் கட்டணத்தையும் இங்கேயே நாம ஏத்துக்கிற முறையில் அனுப்பச் சொல்லுங்க. ரெண்டாவது, டி.சி.எஸ். ஒரு நிதியாண்டில் ஒருத்தர் பேரில் வெளிநாட்டுக்குப் போகும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினா, தாண்டின பகுதிக்கு வரி பிடிப்பாங்க. முன்னே 7 லட்சமா இருந்த இந்த எல்லை 2025 ஏப்ரலில் 10 லட்சமாச்சு. இது போன பணம் இல்லை, வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செஞ்சா கணக்கில் கழியும் அல்லது திரும்பி வரும். வங்கியில் வாங்கின கல்விக் கடனில் இருந்து படிப்புக்கு அனுப்பினா இந்தப் பிடித்தமே கிடையாது.

கிளம்புறவங்க கவனத்துக்கு...

* ஏர்போர்ட் கவுன்ட்டரில் வாங்கிக்கலாம்னு விடாதீங்க. அவசரத்தில் நிற்கிறவனுக்கு அங்கே வேற வழி இல்லைன்னு அவங்களுக்கும் தெரியும். நோட்டைப் பயணத்துக்கு 60 நாள் முன்னாடியில் இருந்தே வாங்கலாம்.

* "இன்னும் இறங்கும், இன்னும் இறங்கும்"னு காத்திருக்காதீங்க. இது ஐ.பி.எல். மேட்ச் இல்லை. ஒரேயடியா வாங்கப் பயமா இருந்தா ரெண்டு மூணு தவணையா வாங்குங்க.

* கிழிஞ்ச, கிறுக்கின நோட்டைக் கவுன்ட்டரிலேயே திருப்பிக் கொடுங்க. அங்கே போய் செல்லாதுன்னா நம்ம பாடு திண்டாட்டம்.

* திரும்பி வந்ததும் மிச்ச நோட்டை 180 நாளுக்குள் வங்கியிலோ உரிமம் உள்ள கடையிலோ மாத்திடணும். 2,000 டாலர் மதிப்பு வரைக்கும் வேணும்னா கையில் வெச்சுக்கலாம், அடுத்த பயணத்துக்கு ஆகும்.

1960-கள், 70-களில் அமெரிக்கா போன நம்ம ஆட்கள், சட்டைப் பையில் 8 டாலரோட இறங்கினதா இன்னிக்கும் கதை சொல்வாங்க. அவ்வளவுதான் அனுமதி. இன்னிக்கு ஒருத்தர் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரைக்கும் அனுப்பலாம். அனுமதி எக்கச்சக்கமா ஏறிடுச்சு. ஆனா பி.எஃப். பணத்தையும் வளையலையும் சேர்த்து அனுப்புற வீட்டுக்கு, அந்த 2,50,000-ஐவிட தசமப் புள்ளிக்குப் பின்னாடி இருக்கும் ரெண்டு இலக்கம்தான் முக்கியம்.

அக்கா இப்ப ஜெர்மனியில். போன வாரம் வீடியோ காலில், "இங்க ஒரு பால் பாக்கெட் வாங்கினாக்கூட மனசுக்குள்ள ரூபாயில பெருக்கிப் பார்க்கிறேன்டா"ன்னு சிரிச்சாள். பக்கத்தில் இருந்த பெரியப்பா போனைப் பிடுங்கிக் கேட்ட ஒரே கேள்வி:

"இன்னிக்கு ரேட் எவ்வளவும்மா?"