மலாயாவில் பன்னிரண்டு நாள் – 5: தண்டவாளம் ஏறாத மலை

தாப்பா ரோடு ரயில் நிலையத்து வாசலில் டாக்சிக்காரரோடு நான் பேரம் பேசிக்கொண்டிருந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். முடிவை உடனே சொல்லிவிடுகிறேன்: தோற்றுப்போனேன். 120 வெள்ளி என்று பேசி ஏறியது கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில் இறங்கும்போது 160 ஆகியிருந்தது. பெட்டிக்கு 20, மழைக்கு 20. மழைக்கு வாடகை வாங்கிய ஆளை என் ஐம்பத்தெட்டு வயதில் இப்போதுதான் பார்க்கிறேன். (ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள். நாலு நாளில் என் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. பையில்தான் ஒட்டவில்லை.)

வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சுமார் 60 கிலோமீட்டர், முழுக்க வளைவு. பாதியில் கண்ணை மூடினேன். திறந்தபோது குளிர்ந்தது.

நான் மேட்டுப்பாளையத்துக்காரன். மலை என்று ஒன்று இருந்தால் அதன் காலடியில் ஒரு ரயில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் என்று நம்பி வளர்ந்தவன். எங்கள் பல்சக்கர ரயில் 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் ஏறிவிட்டது. கேமரன் மலைக்கு ரயில் கிடையாது என்று தெரிந்துதான் வந்தேன். ஆனாலும் தேயிலைச் சரிவுகளைப் பார்த்ததும் கண் தானாக ஒரு பாலத்தையும் புகையையும் தேடியது.

ரயில் ஏன் ஏறவில்லை என்பதற்குக் காலம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப் பக்கம் வந்தது 1885-இல். அதே 1885 ஜூன் மாதம்தான் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரே ஆண்டில் கதை தொடங்கிய மலையும் ரயிலும் கடைசிவரை சந்தித்துக்கொள்ளவில்லை. ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ.பி. மில்ன் என்ற தோட்டக்காரரைக் கூட்டுச் சேர்த்து இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். அப்போது லாரி வந்துவிட்டது. பல்சக்கரத்துக்குச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்?

ஊரைப் பற்றி என் அபிப்பிராயம்: தேயிலை அழகு; மற்றதெல்லாம் ஸ்ட்ராபெரி. ஸ்ட்ராபெரி தலையணை, ஸ்ட்ராபெரி குடை, ஸ்ட்ராபெரி செருப்பு. காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் சரிவெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பிளாஸ்திரி போட்டதுபோல் தெரிகின்றன. சனிக்கிழமை பிரிஞ்சாங் சாலையில் ஒன்றரை மணி நேரம் நகராமல் நின்றோம். பொதுக் கழிப்பறையில் 50 சென் வாங்குகிறார்கள். உள்ளே கணுக்கால் வரை தண்ணீர். காசு வாங்காத எங்கள் ஊர்க் கழிப்பறையைவிட மேல்தான், ஆனால் 50 சென் அளவுக்கு மேல் இல்லை.

இதோடு ஊரை முடித்துக்கொண்டு என் பிஸ்கட் டப்பாவுக்கு வருகிறேன்.

நான் சின்ன ரயில் செய்கிறவன் என்று முதல் பகுதியிலேயே சொன்னேன். பர்மிங்காமில் வார்லி சங்கத்தார் ஆண்டுதோறும் ஒரு பெரிய மாதிரி ரயில் கண்காட்சி நடத்திவந்தார்கள். அங்கே ஒருமுறை போய்விட வேண்டும் என்று பல வருடமாகப் பணம் சேர்த்தேன். காட்டுவதற்கென்று ஒரு நீலகிரி ரயில் பெட்டியும் செய்தேன். நீலமும் பாலேடு நிறமும் அடித்து, ஜன்னல் ஜன்னலாக அறுத்து, பதினான்கு மாத வேலை. பணம் சேர்ந்த நேரம், 2023 நவம்பர்க் கண்காட்சிதான் கடைசி, இனி இதைச் சுமக்க எங்களால் ஆகாது என்று சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். அடுத்த சில வாரங்களில், 1946-இல் லிவர்பூலில் தொடங்கிப் பேர் பெற்ற ஹாட்டன்ஸ் என்ற மாதிரி ரயில் கடையும் மூடுவதாக அறிவித்தது. அந்தப் பணத்தில்தான் இந்தப் பயணம். பெட்டியை வீட்டில் விட்டுவர மனமில்லாமல் பஞ்சு சுற்றி பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்தேன்.

மூன்றாம் நாள் காலை தானா ராத்தாவில் ஒரு தமிழ்க் கடையில் தோசைக்குக் காத்திருந்தபோது, டாக்சி குலுக்கலில் பெட்டிக்கு என்ன ஆயிற்றோ என்று டப்பாவைத் திறந்தேன். ஒரு படிக்கட்டு கழன்றிருந்தது. பக்கத்து மேசையில் கம்பளிக் குல்லாயோடு ஒரு பெரியவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"மீட்டர் கேஜா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊட்டி ரயிலா என்று கேட்பார்கள், பொம்மையா என்று கேட்பார்கள். சக்கரத்தைப் பார்த்து அகலம் கேட்ட மனிதர் இதுவரை வாய்த்ததில்லை.

"ஆமாங்க ஐயா. பன்னிரண்டு மில்லி."

"பசியாறிட்டீங்களா? ஆறிட்டு வாங்க. வீட்டுல பன்னிரண்டு மில்லியில ரோடு போட்டு வெச்சிருக்கேன்."

விளங்காதவர்களுக்கு: உண்மையை 87-இல் ஒரு பங்காகச் சுருக்குவது உலகத்தில் அதிகம் பேர் செய்யும் அளவு. ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். செய்கிறவர்கள் அதைப் பன்னிரண்டாக வைத்துக்கொண்டார்கள். எங்கள் நீலகிரிப் பாதையும் ஒரு மீட்டர்தான், மலாயா ரயிலும் ஒரு மீட்டர்தான். சயாம், பர்மா, கென்யா எல்லாம் அதுவே. இந்தியாவிலோ 1992-இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தில் மீட்டர் பாதைகளை ஏறக்குறைய முழுக்கப் பெயர்த்தாகிவிட்டது. ஆக, பெரியவர் வீட்டுத் தண்டவாளம் என் பெட்டிக்குச் சொந்த ஊர்.

அவர் வீடு தோட்டத்து வரிசை வீடு. தகரக் கூரை, வாசலில் செம்பருத்தி, படியில் ரப்பர் பூட்ஸ் மூன்று ஜோடி. முப்பது வருடம் ரயில்வேயில் கார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்று, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகளோடு வந்துவிட்டார். பக்கத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்துப் பிள்ளைகளும் நேப்பாளத்துப் பிள்ளைகளும். "நம்ம ஆளுங்க பசங்க எல்லாம் கோலாலம்பூர்" என்றார். வீடு துடைத்துவைத்த தட்டுபோல் இருந்தது. ஐம்பது சென் கூட வாங்கவில்லை.

பின்கட்டில், பழைய கதவுப் பலகை இரண்டைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் தாப்பா ரோடு நிலையம். இன்றைய மின்சார ரயில் நிற்கும் நிலையம் இல்லை. தெலுக் அன்சனுக்குக் கிளைப் பாதை பிரிந்துபோன பழைய நிலையம். தண்டவாளம் கடையில் வாங்கியதில்லை. செம்பு பூசிய அட்டையைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கட்டை ஆக்கி, ஒவ்வொன்றிலும் தண்டவாளத்தைப் பற்றவைத்திருக்கிறார். நான் ஒரு முழத்துக்கு எண்ணினேன். அறுபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். 56-ஆம் வகுப்பு நீராவி எஞ்சின் ஒன்று கொட்டகையில் நின்றது. கிளாஸ்கோ நார்த் பிரிட்டிஷ் கம்பெனியில் செய்து வந்த ஜாதி.

என் பெட்டியை வைத்தேன். நேர்ப்பாதையில் உருண்டது. பாதை பிரியும் பாயிண்ட்டில் ஏறியதும் துள்ளி விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி துள்ளியது.

"சக்கரம் உள்ள ஒடுங்கியிருக்கு" என்றார்.

"அளந்துதான் செய்தேன். உங்கள் பாயிண்ட்தான் இறுக்கம்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை. அவர் பாயிண்ட்டில் அவருடைய வண்டிகள் இருபது வருடமாக ஓடுகின்றனவாம். என் பெட்டி என் தண்டவாளத்தில் ஒருநாளும் விழுந்ததில்லை. இரண்டும் உண்மை. வெர்னியர் காலிபர் வந்தது. அரை மில்லிக்கும் குறைவான வித்தியாசம். குற்றம் என் பக்கம். சக்கரத்தை அச்சிலேயே திருகி வெளியே இழுத்தார். பெட்டி பாயிண்ட்டைத் தாண்டியது. அடுத்தது கொக்கி. என்னுடையது வளையம், அவருடையது காந்தம். பக்கத்தில் பக்கத்தில் நின்றும் கோத்துக்கொள்ளவில்லை. அவர் மகள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி நீட்டினார். குறட்டால் முறித்து எஸ் மாதிரி வளைத்தோம். கோத்துக்கொண்டது.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் 1935-இல் மாதிரி ரயில்காரர்கள் கூடிச் சங்கம் வைத்ததும் இந்தக் கொக்கிச் சண்டையால்தான். ஒருவன் வண்டி இன்னொருவன் பாதையில் ஓடவில்லை. சக்கரத்துக்கும் கொக்கிக்கும் பொது அளவு வேண்டியிருந்தது. மாநாடு, பரிசு, கடைத்தெரு எல்லாம் அதன்மேல் வளர்ந்தவை.

"ஓட்டுங்க" என்று கண்ட்ரோலரை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே ஓட்டுங்கள் ஐயா, உங்கள் வண்டி."

"நான் கார்டு. டிரைவர் வேலையில கை வைக்க மாட்டேன்." பலகையின் மறுகோடிக்குப் போய், மிட்டாய்க் காகிதம் ஒட்டிய குச்சி ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. பச்சை தூக்கினால்தான் நான் நகரலாம். மனைவி இருந்தவரை அந்த அம்மாள்தான் டிரைவராம். பிறகு பேரன். அவன் கோலாலம்பூர் போனபின் மகள், அதுவும் வேலை முடிந்து கை கால் ஓய்ந்திராத நாளில். மற்ற நாட்களில் எஞ்சின் கொட்டகையிலேயே நிற்கும்.

மத்தியானம் வரை ஓட்டினேன். மழை தகரத்தில் கொட்டியது. நெத்திலிச் சம்பல், கீரை, ரசம், சோறு. ஹோட்டலில் 18 வெள்ளிக்குத் தின்றதை இதற்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. சாப்பிடும்போது பர்மிங்காம் கதையைச் சொல்லி அங்கலாய்த்தேன். மேசை தூக்குகிறவர்களுக்கு எழுபது வயது ஆகிவிட்டது, அரங்க வாடகை ஏறிவிட்டது, வேண்டியதைக் கணினியில் வாங்கிக்கொள்கிறார்கள், நம் கலைக்கு எதிர்காலம் இல்லை.

"எத்தனை பேரு வருவாங்க?"

"ஆயிரக்கணக்கில்."

"அதுல மீட்டர் கேஜ்காரன்?"

யோசித்தேன். பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

"அப்புறம் எதுக்கு அம்மாம் பெரிய கொட்டகை?" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

எனக்கு உற்சாகம் பிறந்தது. ஜப்பானில் பார்த்ததை வைத்து அமெரிக்கர்கள் பரப்பிய மேசைத் துண்டு முறையை விவரித்தேன்: 308 மில்லிமீட்டர் நீளத்தில் ஆளுக்கொரு துண்டுப் பாதை, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து எந்த மேசையிலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளலாம். அதையே நம் அகலத்துக்குச் செய்வோம். மேட்டுப்பாளையம் ஒரு துண்டு, தாப்பா ரோடு ஒரு துண்டு, பாங்காக்கிலிருந்து ஒருவர், ரங்கூனிலிருந்து ஒருவர். ஒரே அகலம்! இறங்கி மாறாமல் மலாயாவிலிருந்து சயாம் வரை ஓட்டலாம்!

அவர் கை நின்றது.

"எங்க பெரியப்பா அப்படித்தான் போனாரு" என்றார். "தோட்டத்துல லாரி வெச்சு ஏத்தினான் ஜப்பான்காரன். தாப்பா ரோட்டுல கூட்ஸ் வண்டி. இறங்கி மாற வேண்டியதே இல்ல. ஒரே அகலம்."

1942-இலிருந்து 1943 அக்டோபர் வரை, சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அதற்கான தண்டவாளத்தில் ஒரு பகுதியை மலாயாவின் கிழக்குப் பாதையிலிருந்தே பெயர்த்துக்கொண்டு போனார்கள். புத்தகத்தில் படித்தவன்தான் நான். ஆனால் பன்னிரண்டு மில்லியைக் கொண்டாடிக்கொண்டிருந்த வாயில் அதற்குமேல் சோறு இறங்கவில்லை. மகள் எதுவும் சொல்லாமல் எனக்கு மோர் ஊற்றினார்.

மழை விட்டதும் கிளம்பினேன். பெட்டியை அவரிடமே விட்டுப்போகத் தோன்றியது. பர்மிங்காம் இல்லாதபோது அது எனக்கு எதற்கு? சொன்னேன்.

"வேணாம். வந்த வண்டி திரும்பணும். திரும்பாத வண்டி இந்த வீட்டுக்கு ஆவாது." பலகைக் கோடிக்குப் போய்ப் பச்சைக் காகிதத்தைத் தூக்கினார். நான் மெதுவாக ஓட்டி நிலையத்தில் நிறுத்தினேன். சிவப்பைக் காட்டிவிட்டு, தானே பெட்டியைக் கழற்றிப் பஞ்சில் வைத்தார். கொக்கியைக் கழற்றவில்லை. "அடுத்த தரம் வரும்போது சண்டை மிச்சம்."

அடுத்த தரம் எப்போது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. விமானக் கட்டணம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் பினாங்குக்குப் புறப்பட்டேன். பினாங்கைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அடுத்த வாரம் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். மலை இறங்க அதே டாக்சிக்காரர்தான் கிடைத்தார். வானம் பளிச்சென்று இருந்தது, அதனால் 140 போதும் என்றார். மடியில் பிஸ்கட் டப்பாவைப் பார்த்துவிட்டு, "அது என்ன, கண்ணாடிச் சாமானா?" என்று கேட்டார்.

ரயில் என்று சொன்னால் அதற்கும் 20 கேட்பார் என்று பயந்து, பிஸ்கட் என்று சொல்லிவிட்டேன்.