மவுஸ் இல்லாத விக்கி

'விக்கி' என்றதும் எங்களுக்கு நினைவு வருவது ஒப்படை செய்ய உதவும் விக்கிப்பீடியாதான். ஆனால் அது ஒரு ஹவாய் மொழிச் சொல். விரைவு என்று பொருள். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பஸ்ஸை நினைத்து, வார்ட் கன்னிங்ஹாம் என்பவர் 1995இல் தனது இணையத்தளத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். பலர் சேர்ந்து பக்கங்களை எழுதி, ஒன்றோடொன்று இணைக்கும் தளம் அது. அதையே ஒருவர் தன் குறிப்புகளுக்காக மட்டும் வைத்துக்கொண்டால் அது தனிவிக்கி.

நான் பயன்படுத்துவது 'ஸிம்' என்ற இலவச மென்பொருள் (தொலைபேசியில் போடும் சிம் அல்ல!). இணையம் தேவையில்லை. பக்கங்கள் சாதாரண எழுத்துக் கோவைகளாகச் சேமிக்கப்படுவதால் நானா விட்டுச் சென்ற பழைய லெப்டொப்பிலும் தடுமாறாமல் ஓடுகிறது. அந்த லெப்டொப்பில் விரலால் தடவும் பகுதி வேலை செய்யாது. திருத்தித் தருவதாக வாப்பா சொன்னார். வகுப்புக் கட்டணம் கட்டவேண்டிய மாதம் அது. "வேணாம் வாப்பா, விசைப்பலகையாலேயே சமாளிக்கிறேன்" என்றேன். உயர்தரக் குறிப்புகள் முழுவதும் அதற்குள் இருந்ததால், சமாளித்தே ஆகவேண்டியிருந்தது.

கொன்ட்ரோலுடன் என் அழுத்தினால் புதிய பக்கம். எல் அழுத்தினால் இணைப்பு. வந்த வழியே திரும்ப அல்ட்டும் இடது அம்புக்குறியும். இவையெல்லாம் ஒரு வாரத்தில் விரலுக்குப் பழகிவிட்டன. எனக்கு மிகவும் பிடித்தது கொன்ட்ரோலும் ஜேயும்தான். அழுத்தியவுடன் ஒரு சிறு பெட்டி வரும். போகவேண்டிய பக்கத்தின் பெயரை அதில் எழுதவேண்டும். மவுஸ் இருந்தால் பட்டியலைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கி, கண்ணில் பட்டதைத் தொடலாம். இங்கே பெயர் முதலில் மனதில் வரவேண்டும். வராவிட்டால் அந்தப் பாடம் இன்னும் எனக்குள் போகவில்லை என்று அர்த்தம். வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் புகழ்வார்கள். எனக்கென்னவோ இந்தக் கேள்விதான் பெரிய உதவி.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கலீபாவா கலீஃபாவா? பக்தாதா பாக்தாத்தா? புத்தகத்துக்குப் புத்தகம் வேறுபடும். கண்ணால் தேடும்போது இது பொருட்டில்லை. பெயரை எழுதிப் போகும்போது ஓர் எழுத்து மாறினாலும் வெறும் பக்கம்தான் திறக்கும். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே எழுத்துமுறையைத் தீர்மானித்து, 'பெயர்கள்' என்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். தம்பி அதைப் பார்த்து, "ராத்தா, இதுக்குப் பேசாம மவுஸ் வாங்கலாமே" என்றான்.

இணைப்புகள் பாடங்களின் சுவரையும் உடைக்கின்றன. இஸ்லாமிய நாகரிகத்தில் கலீபா மஃமூனின் (813–833) காலத்து பைத்துல் ஹிக்மாவைப் படிக்கிறோம். அங்கே பணியாற்றிய அல் குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் திரிந்துதான் 'அல்கொரிதம்' என்ற சொல் பிறந்தது. அது தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் வருகிறது. என் விக்கியில் அந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையே ஒரு என்டர் தூரம்தான்.

எல்லாவற்றுக்கும் இது சரிவராது. புவியியல் படங்களை இன்னமும் கொப்பியில்தான் வரைகிறேன். பரீட்சையையும் பேனாவால்தானே எழுதவேண்டும்? அதனால் வெள்ளி இரவுகளில் லெப்டொப்பை மூடிவிட்டு, ஒரு பக்கத்தோடு இணைந்த பக்கங்களின் பெயர்களைத் தாளில் எழுதிப் பார்க்கிறேன். பிறகு திறந்து சரிபார்ப்பேன். கடந்த வாரம் பக்தாதின் முறை. அதற்கு 11 இணைப்புகள் உண்டு. தாளில் 9 வந்திருந்தன. தைக்ரிஸ் நதியும் காகிதமும் விடுபட்டிருந்தன.