மேலே தெரிவதும் கீழே பதிவதும்

பழைய காமிரா ஒன்றை ஒரு வாரம் சோதித்துப் பார்த்து முடிவு சொல்வதாகக் கூறி வாங்கி வந்தோம். 1970இல் வெளிவரத் தொடங்கிய யாஷிகா-மாட் 124ஜி அது. மேல் லென்ஸ் குனிந்து பார்ப்பதற்கு; கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு.

முன்பொரு முறை இத்தகைய காமிராவைச் சோதியாமலே வாங்கினோம். எம்மைப் பெற்ற தாயாரை அமர்த்தி, ஒரு சுருளின் பன்னிரண்டு படங்களையும் எடுத்தோம். மேலே தெளிவாய்த் தெரிந்த முகம், பிலிமில் மங்கலாகவே விழுந்திருந்தது. மறுபடி எடுக்கத் தாயார் இல்லை.

ஆதலால் இம்முறை பொறுமை காத்தோம். பின்கதவைத் திறந்து, கைவிளக்கின் ஒளியில் லென்ஸை நோக்கினோம், பூஞ்சை இல்லை. ஒரு விநாடி வேகத்தில் ஷட்டர் தயங்காமல் மூடியது. இறுதியாக, பிலிம் படியும் இடத்தில் டிரேசிங் தாளை இறுக ஒட்டி, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, தொலைவிலிருந்த தெருவிளக்கை ஒப்பிட்டோம். மேலே கூர்மை; தாளிலோ மங்கல். அதே குறை!

“மேலே நன்றாகத்தானே தெரிகிறது, சாமி?” என்றார் கடைக்காரர்.

“கீழே பதிவதுதானே ஐயா படம்?” என்றோம்.

அவர் மறுக்கவில்லை. பழுது பார்ப்பவரிடம் அனுப்பினார். அவர் மேல் லென்ஸைச் சிறிது திருகிச் சரிசெய்தார். அதே தாளை ஒட்டி மறுபடி பார்த்தோம், இரண்டும் ஒத்திருந்தன. அதன் பின்னரே பணம் கொடுத்துக் காமிராவை எமதாக்கிக் கொண்டோம்.

பழையதை வாங்க எண்ணும் அன்பர்களே, ஒரு தாளும் கால் மணி நேரமும் செலவிடத் தயங்காதீர். அன்புக்குரிய முகம் மறுபடி நம்முன் வந்து அமரும் என்பது உறுதியில்லை.