திருமலைத் துறையும் திரும்பும் ஒளியும்

திருகோணமலைத் துறைமுகம் இயற்கை ஒளித்து வைத்த செல்வம். வெளிக்கடலில் நின்று நோக்குவார்க்குக் குன்றுகளும் முனைகளுமே தோன்றும். அவற்றைக் கடந்து உட்புகுந்த பின்னரே ஆழ்ந்தகன்ற உட்குடா கண்ணிற் படும். மரக்கலங்களை மறைத்து நிறுத்த இதனினும் வாய்ப்பான இடம் அரிது. இதனாலன்றோ போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இத்துறைக்காகப் போட்டியிட்டனர்!

1942 ஆம் ஆண்டிலோ, மறைந்திருத்தலினும் முந்திக் காண்டலே பெரிதென்னும் உண்மையை இவ்வூர் உணர்ந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 5 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது ராடர் முன்னறிவித்தல் கிட்டவில்லை. 9 ஆந் திகதி காலை அவை திருகோணமலையை நோக்கி வந்தபோது, இங்கிருந்த ராடர் நிலையம் அவற்றைத் தொலைவிலேயே கண்டுகொண்டது. சீனன்குடா விமானத் தளத்திலிருந்து போர் விமானங்கள் முன்கூட்டியே மேலெழுந்தன. கப்பல்களுட் பல முதல்நாளிரவே துறையை விட்டகன்றிருந்தன. ஆயினும் அவ்வாறு அகன்ற ஹேர்மிஸ் என்னும் விமானந் தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கியது. காணும் கருவி இருந்தும் இழப்பு முற்றாக நீங்கிற்றில்லை.

வானொலி அலையை அனுப்பி, பொருளிற் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு தூரத்தை அறிவதே ராடரின் முறை. இம்முறை போர்க்களத்தை விட்டு நெடுஞ்சாலைக்கு வந்ததில் வியப்பில்லை. ராடரை ஆக்கிய முன்னோடிகளுள் ஒருவரான ரொபேட் வாட்சன் வாட் என்பார், 1950 களில் கனடாவிலே மோட்டார் வண்டியை விரைந்து செலுத்திப் பொலிஸாரின் ராடரில் அகப்பட்டுத் தண்டம் செலுத்தினார். தான் வைத்த பொறியில் தானே வீழ்ந்த கதை இது.

இன்று ராடருக்குத் துணையாக லேசர்க் கருவியும் வந்துள்ளது. கட்புலனாகாத செந்நிறக்கீழ் ஒளியை மிகச் சிறு துடிப்புகளாக அது வீசும். ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோ மீற்றர் செல்வது. ஆதலின் 300 மீற்றர் தொலைவிலுள்ள வண்டியிற் பட்டு மீள்வதற்கு, ஒரு விநாடியைப் பத்து இலட்சங் கூறிட்டால் அதில் இரண்டு கூறே ஆகும். அடுத்தடுத்த துடிப்புகள் தூரம் குறைந்து வருவதைக் காட்டும். அதிலிருந்து வேகம் கணிக்கப்படும். மணிக்கு 72 கிலோ மீற்றர் ஓடும் வண்டி, விநாடிக்கு 20 மீற்றர் நெருங்குமன்றோ!

எல்லா வண்டிகளும் ஒரே அளவில் ஒளியைத் திருப்புவதில்லை. வந்த வழியே ஒளியை மீட்கும் பூச்சுடைய இலக்கத் தகடும், உள்ளே குழிவாடி பொருந்திய முன்விளக்கும் கருவிக்கு மிகத் தெளிவாகத் தெரிவன. வெண்ணிறம் ஒளியை மிகுதியாகத் திருப்பும், கருநிறம் விழுங்கும். செங்குத்தான முகப்புடைய பாரவண்டி எளிதில் அகப்படும். தாழ்ந்து சரிந்த முகப்பு ஒளியை வேறு திசைக்குச் சிதறச் செய்யும். சேறும் மழையும் மூடுபனியும் திரும்பும் ஒளியைக் குறைக்கும். ஆயினும் இவையெல்லாம் கருவி எட்டும் தூரத்தைச் சுருக்குவனவேயன்றி, வண்டியை முற்றாக மறைப்பனவல்ல. அண்மையில் வந்ததும் எவ்வண்டியும் அகப்படும்.

இனி, திருமலை வீதிகளை நோக்குவோம். பிரெடெரிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான்கள் அச்சமின்றித் திரிகின்றன. இருளில் வண்டியின் விளக்கொளி பட்டதும் அவற்றின் கண்கள் இரு சுடராய் மின்னும். கண்ணின் பின்புறத்தே ஒளியைத் திருப்பும் படலம் ஒன்று இருப்பதே காரணம். இலக்கத் தகடு கருவிக்கு மின்னுவதும், மான்விழி நமக்கு மின்னுவதும் ஏறத்தாழ ஒரே நியதி. ஆனால் மான் முகந் திருப்பி நின்றால் அச்சுடர் இல்லை. வைகறையிற் கரைக்குச் செல்லும் மீனவரின் பழந் துவிச்சக்கர வண்டியிலோ பெரும்பாலும் விளக்குமில்லை, ஒளிதிருப்பியுமில்லை. அவரைக் காக்க வேண்டியது ஓட்டுநரின் நிதானம் ஒன்றே.

நகர்ப்புறத்தே மோட்டார்க் காருக்கு மணிக்கு 50 கிலோ மீற்றர் என்று வரையறுத்தது இதற்காகவே. வேகம் இருமடங்காயின், தடுப்பை அழுத்திய பின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இதனை அறியாதார், கருவிக்குத் தப்புவது எவ்வாறு என ஆராய்கின்றனர். இலக்கத் தகட்டில் அழுக்கைப் பூசுவாருமுளர். கருவியின் கண்ணுக்கு மங்கிய வண்டி, வீதியைக் கடக்கும் சிறுவனின் கண்ணுக்கும் மங்கியதே என்பதை அவர் எண்ணுவதில்லை.

போர் நீடித்த ஆண்டுகளில், சோதனைச் சாவடியை அணுகும்போது முன்விளக்கைத் தணித்து, வண்டியின் உள்விளக்கை ஏற்றி, நம் முகத்தைக் காட்டிச் சென்றோம். அது அச்சத்தாற் பிறந்த வழக்கம்; அக்காலம் 2009 இல் முடிந்தது. இன்று நம்மைப் பிறர் காணச் செல்லுதல் அச்சத்தினால் அன்று, அயலார் உயிர்மேற் கொண்ட அன்பினால் ஆகுக. மறைந்திருத்தல் துறைமுகத்துக்குப் பெருமையாகலாம். வீதிக்கு அது பெருமையன்று.