ஐஸ்லாந்தில் நாலே முக்கால் மணித்தியாலப் பகல்

ரொறன்ரோவிலிருந்து ஊருக்குத் திரும்ப ரிக்கெற் தேடியபோது, ஆக மலிவாக அகப்பட்டது ஐஸ்லாந்து வழியாகப் பரிஸுக்குப் போகும் விமானம். பரிஸில் சித்தி இருக்கிறா. அவவோடு ஒரு கிழமை நின்றுவிட்டு யாழ்ப்பாணம் போவதுதான் திட்டம். இடையில் ஐஸ்லாந்தில் தங்கினாலும் அந்த விமானக் கம்பனி மேலதிகக் காசு கேட்கவில்லை. எங்கள் கடவுச்சீட்டில் இருந்த ஷெங்கன் விசா அங்கேயும் செல்லும். ஒரு பகலும் ஓர் இரவும் நிற்போம் எண்டு முடிவெடுத்தோம். அது 2023 மார்கழித் தொடக்கம். வயிற்றில் பிள்ளைக்கு ஆறு மாதம்.

வைத்தியர் மறுப்புச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் விமானத்தில் போகலாம், இடைக்கிடை எழும்பி நடக்கவேணும், நிறையத் தண்ணி குடிக்கவேணும், பனியில் வழுக்கி விழாமல் பார்க்கவேணும் என்றார். மறுப்பு வந்தது எங்கட அம்மாவிடமிருந்துதான்.

"பிள்ளை, உந்தக் குளிருக்குள்ள ஏன் இறங்கிறியள்? நேர பிளேன் மாறி வாங்கோவன்."

பிள்ளைத்தாச்சிக்குக் குளிர் பிடிக்கக்கூடாது எண்டு எங்கள் வீடுகளில் எல்லாரும்தான் சொல்வார்கள். ஆனால் அம்மா அதைச் சொல்லும்போது குரல் வேறுமாதிரி இருக்கும். அது ஏன் எண்டு அதுவரை நாங்கள் கேட்டதில்லை.

கெப்லாவிக் விமான நிலையத்தில் இறங்கியபோது காலை ஆறரை மணி. வெளியே நடுச்சாமம் போல இருட்டு. தலைநகரம் ரெய்க்யவிக்குக்கு ஐம்பது கிலோமீற்றர். பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். வழியெல்லாம் எரிமலைக் குழம்பு இறுகிய வெளி. மரம் ஒன்றுகூட கண்ணில் படவில்லை. வழியில் கிரின்டாவிக் என்ற மீனவ ஊருக்குப் பிரியும் பாதை வந்தது. நாங்கள் போவதற்கு ஒரு மாதம்கூட ஆகாத முன்னர், கார்த்திகை 10ஆம் திகதி இரவு, நிலத்துக்கடியில் நெருப்புக்குழம்பு நகர்கிறது எண்டு அந்த ஊரில் இருந்த ஏறத்தாழ 3,800 பேரையும் வெளியேற்றியிருந்தார்கள். செய்தியில் பார்த்திருந்தோம். கார் நிறையச் சாமானும் பிள்ளைகளும் நாய்களுமாக, ஒரே இரவில் ஓர் ஊர் காலியானது. பஸ்ஸில் அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டதும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. எங்கட தலைமுறையில் ஊர் விட்டு ஓடிய கதை இல்லாத வீடு குறைவு.

விடியும்போது பதினொரு மணி ஆகப்போகிறது. மூன்றே முக்காலுக்குள் பொழுதுபட்டுவிடும். அதற்குள் பார்க்கவேண்டியதைப் பார்க்கவேணும். எங்கள் பயம் எல்லாம் வழுக்கலில்தான். வயிறு முன்னுக்குத் தள்ளியிருக்கும்போது உடம்பின் சமநிலை மாறிவிடும், கால் எங்கே வைக்கிறோம் எண்டும் தெரியாது. ஒழுங்கைகளில் பனி கண்ணாடியாக உறைந்து கிடந்தது. அவரின் கையைப் பிடித்துக்கொண்டு, தார்ரோட்டில் வாத்து நடப்பதுபோல நடந்தோம். நகரத்தின் நடுவுக்கு வந்ததும் பார்த்தால் நடைபாதையில் பனியே இல்லை. கல்லு ஈரமாக மட்டும் இருந்தது.

காரணம் நிலத்துக்குக் கீழே இருந்தது. இந்த நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகளைச் சூடாக்குவது பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர். வீடுகளைச் சூடாக்கி முடிந்தபிறகும் அந்தத் தண்ணியில் 35 பாகை அளவு சூடு மிச்சம் இருக்கும். அதை வீணாக்காமல் நடைபாதைகளுக்குக் கீழே குழாய்களில் ஓடவிடுகிறார்கள். மேலே பனி உருகிப்போகிறது. கிழவர்களும் பிள்ளைத்தாச்சிகளும் குழந்தை வண்டி தள்ளுபவர்களும் பயமில்லாமல் நடக்கிறார்கள்.

நாங்கள் நடந்த அந்தப் பெரிய கடைத்தெருவின் பெயர் லோய்கவேகுர். வெந்நீர் ஊற்றுகளுக்குப் போகும் பாதை என்பது அதன் பொருள். முந்தி ரெய்க்யவிக் பெண்கள் ஊர் உடுப்பையெல்லாம் முதுகில் சுமந்துகொண்டு, ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நடந்து, வெந்நீர் ஊற்றுகளில் தோய்த்துவிட்டு, ஈர உடுப்போடு திரும்பி நடப்பார்களாம். கொதிக்கும் ஊற்றுக்குள் தவறி விழுந்து இறந்த பெண்களும் உண்டு. அந்தச் சுமைகாரிகளில் ஆறு மாதம், ஏழு மாதம் ஆனவர்களும் இருந்திருப்பார்கள்தானே. 1930இல்தான் அந்த ஊற்றுப் பக்கத்திலிருந்து குழாய் போட்டு, ஒரு பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நீச்சல் மண்டபத்துக்கும் சில வீடுகளுக்கும் வெந்நீர் கொண்டுவந்தார்கள். பெண்கள் வெந்நீரைத் தேடி நடந்த பாதைக்கு, பிறகு வெந்நீர் தானே வந்துசேர்ந்தது.

மத்தியானம் சுண்ட்ஹோலின் என்ற பழைய பொது நீச்சல் தடாகத்துக்குப் போனோம். அங்கே ஒரு விதி கட்டாயம். தடாகத்தில் இறங்குமுன் உடுப்பு முழுவதையும் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் குளிக்கவேணும். அவர் ஆண்கள் பக்கம் போய்விட்டார். பெண்கள் பக்கம் நாங்கள் இரண்டு பேர், ஒருவர் வயிற்றுக்குள். எட்டு முழத் துண்டு கட்டிக் கிணற்றடியில் குளித்து வளர்ந்த எங்களுக்குக் கால் நகரவில்லை. ஆனால் அங்கே எண்பது வயது ஆச்சிமாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சத்திரசிகிச்சைத் தழும்பு உள்ளவர்களும் கதைத்துக்கொண்டு குளித்தார்கள். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. ஒரு ஆச்சி மட்டும் நிலம் வழுக்கும் எண்டு சைகை காட்டி, கையைப் பிடித்து வாசல்வரை விட்டுவிட்டுப் போனா.

வெளியே வெந்நீர்த் தொட்டிகளில் எத்தனை பாகை எண்டு எழுதியிருக்கும். பிள்ளைத்தாச்சியின் உடம்புச் சூடு 39 பாகையைத் தாண்டக்கூடாது எண்டு வைத்தியர் சொல்லியிருந்ததால், கொதி கூடியதுகளை விட்டுவிட்டு 38 பாகைத் தொட்டியில் கொஞ்ச நேரம் இருந்தோம். தலையில் குளிர்காற்று, கழுத்துக்குக் கீழே இளஞ்சூடு. பிள்ளை உள்ளே ஒருமுறை புரண்டு படுத்தது.

பொழுதுபட்டதும் ஒரு கோப்பிக் கடையில் குந்தினோம். வாசலுக்கு வெளியே, குளிருக்குள், ஒரு குழந்தை வண்டியில் போர்த்துமூடி நித்திரை. தாய் உள்ளே கண்ணாடிப் பக்கமாக இருந்து கோப்பி குடிக்கிறா. இது அங்கே வழக்கம். அங்கிருந்தே அம்மாவுக்கு எடுத்தோம். யாழ்ப்பாணத்தில் இரவு ஒன்பதரை.

"ஐயோ, அதுக்குத் தாய் இல்லையோ?" எண்டா.

சிரித்துக்கொண்டே சுடு நடைபாதையைப் பற்றிச் சொன்னோம். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவைச் சொன்னா. வலிகாமமே வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்த இரவு. மழை. நெருக்கத்தில் நகர முடியாத சனம். அம்மாவுக்கு அப்போது ஆறு மாதம். அந்தப் பிள்ளைதான் இதை எழுதுவது. நனைந்த சீலையோடு விடியும்வரை நின்றதில் உடம்பு நடுங்கி, வயிற்றுக்குள் துடிப்பு இல்லை எண்டு நினைத்துவிட்டாவாம்.

"காலமை சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டில தெரியாத மனிசி ஒண்டு கூப்பிட்டு, தன்ர சீலையத் தந்து, அடுப்படியில இருத்தி, சுடச்சுடப் பிளேன்ரீ தந்தா. அதுக்குப் பிறகுதான் நீ அசைஞ்சனி."

"ஆரம்மா அவ?"

"பேர் கேக்கேல்லை பிள்ளை."

இருபத்தெட்டு வருசம் அம்மா சொன்ன "குளிர்" என்ற சொல்லுக்குள் அந்த இரவு இருந்திருக்கிறது. நாங்கள் அதை மூடநம்பிக்கை என்று கேலி செய்யாமல் இருந்ததே பெரிய காரியம். பிள்ளைத்தாச்சியின் உடம்பைச் சூடாக வைத்திருப்பது அவவின் தனிப்பாடு எண்டுதான் எல்லாரும் சொல்லுகிறார்கள்: தலையை மூடு, காதை மூடு, வெளியே போகாதே. ரெய்க்யவிக்கில் ஒரு நகரமே அதைத் தன் வேலையாக எடுத்து நிலத்துக்குக் கீழே குழாய் போட்டிருக்கிறது. அரசாங்கமும் குழாயும் இல்லாத ஓர் இரவில், பெயர் தெரியாத ஒரு மனிசி தன் அடுப்படியில் அதைச் செய்திருக்கிறா. எங்களுக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகிறது.

பங்குனியில் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. நொச்சியிலை அவித்த சுடுதண்ணி வார்ப்பதும் சரக்குக்கறி வைப்பதுமாக அம்மா எங்களை விடவில்லை. நாங்களும் மறுக்கவில்லை. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் சாவகச்சேரிக்கு ஒருக்கால் கூட்டிக்கொண்டு போவம் எண்டு அம்மா சொல்லியிருக்கிறா. வீட்டு முற்றத்தில் ஒரு பலாமரமும் பக்கத்தில் கிணறும் இருந்தது மட்டும் அவவுக்கு ஞாபகம். பலாமரம் இல்லாத வீடு தென்மராட்சியில் எங்கே இருக்கிறது? இருந்தாலும் தேடிப் பார்க்கப் போகிறோம்.