மயிரிழை இடைவெளி

பூந்தமல்லியைத் தாண்டி நசரத்பேட்டைப் பக்கம், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை ஒன்றில் இரண்டு நாள் இருந்தேன். எஃப்.சி.க்குப் போக வேண்டிய நாற்பதடி டிரெய்லர் அங்கே வேலைக்கு நின்றது. எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். அதையொட்டி, சக்கரத்தின் மையமான ஹப்பைக் கழற்றி பேரிங்குகளுக்குப் புது கிரீஸ் வைக்கும் ‘ஹப் கிரீஸ்’ வேலையையும் முடித்துவிடுவது வழக்கம். மூன்று ஆக்சில், ஆறு ஹப், பன்னிரண்டு பேரிங்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் மூத்த மெக்கானிக் கீழே குனிந்தார். டிரம்மோடு ஹப்பைக் கழற்றியதும் பழைய கிரீஸை விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்தார். ஐந்து ஹப்பில் கறுப்பு. ஆறாவதில் பால் கலந்த டீயின் நிறம்.

“தண்ணி குடிச்சிருக்கு சார்.”

ஓடிச் சூடான ஹப் தேங்கிய வெள்ளத்தில் இறங்கினால் சட்டென்று குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்க, தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டையை மூழ்கடித்ததை நினைத்துக்கொண்டேன். வடிந்த பிறகும் வெள்ளம் இப்படி ஒளிந்திருக்கும்.

பேரிங்குகளை டீசலில் கழுவினார்கள். காற்றடித்து உலர்த்தும்போது உருளைகள் சுழலாதபடி பிடித்துக்கொண்டான் உதவிக்கு நின்ற பையன். எண்ணெய்ப் பசையில்லாமல் வேகமாகச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும், சிதறவும் கூடும். நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியது என்று பொருள். புள்ளிக் குழி விழுந்திருந்தால் உள்வளையமான கோனோடு வெளிவளையமான கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆறாவது ஹப்பின் உள்பேரிங்கில் குழிகள் இருந்தன.

தேறிய பேரிங்குகளுக்கு உள்ளங்கையில் கிரீஸ் வைத்து, அகன்ற விளிம்பால் அழுத்தி அழுத்தி இழுத்தார். மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை விடவில்லை. மேலே பூசினால் போதாது, ஒவ்வோர் உருளைக்கும் இடையில் நிறைய வேண்டும். அதற்காக ஹப் முழுவதையும் நிரப்பினால் சூடு வெளியேறாது.

இறுக்கமே பலம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கினார். பிறகு சற்றே தளர்த்தினார். டயல் கேஜ் முள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அசைந்தது. அந்த மயிரிழை இடைவெளிக்காகத்தான் அவ்வளவு நேரமும்.

“இறுக்கினா எரியும். விட்டா ஆடும்.”

பிரேக்கில் ரிவிட் தலையைத் தொடும் அளவுக்கு லைனிங் தேய்ந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடிப்பு சமமாக இருக்காது என்பதால் ஆக்சிலின் இருபுறமும் மாற்றினார்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தார்கள்.

இதே சென்னைப் பக்கம்தான் பாடி. அங்கே காற்று பிரேக் செய்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. இந்தியாவிலிருந்து அதைப் பெற்ற முதல் நிறுவனம். தொழிற்சாலையில் பிறந்த அந்தத் தரத்தைச் சாலையில் காப்பாற்றுவது இந்தக் கொட்டகைகள்தான். சோதனைக்குப் போகும் வண்டியில் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிடலாம். உள்பேரிங்கில் கிரீஸ் நிறைந்திருக்கிறதா என்பதற்கு, அதை நிறைத்த கை மட்டுமே சாட்சி. அந்தக் கைக்கு உரிய கூலியும், அவசரப்படுத்தாத இரண்டு நாளும் கொடுப்பது சாலையில் போகும் எல்லோருக்கும் நல்லது.

மறுநாள் மாலை வண்டி கிளம்பியது. “ஸ்ரீபெரும்புதூர் போனதும் நிறுத்தி, ஆறு ஹப்பையும் தொட்டுப் பாரு தம்பி. ஒண்ணு மட்டும் சுட்டா ஓட்டாதே” என்றார் டிரைவரிடம்.

முக்கால் மணி நேரம் கழித்துப் போன் வந்தது. “எல்லாம் ஒரே மாதிரி இருக்குண்ணே.”

அதன் பிறகுதான் அவர் கை கழுவப் போனார்.