மஸ்டர் ரோலில் இல்லாத நாள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பேரனை அழைத்துக்கொண்டு பாரதி பூங்காவுக்குப் போயிருந்தேன். ஆயி மண்டபத்தை நாலு சுற்று ஓடிவிட்டு மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவன், "தாத்தா, இவ்வளவு செடிக்கும் யாரு தண்ணி ஊத்துறாங்க?" என்று கேட்டான். "கவர்மெண்ட்டுடா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. 11 வருஷம் பூங்காப் பிரிவில் எழுத்தராக இருந்தவன் சொல்கிற பதிலா அது?

பழைய வாசகர்களுக்கு என் கதை தெரியும். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஒப்படைத்தபோது எனக்கு நாலு வயசு. ஆனாலும் அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர்த்தார். தமிழ் எழுதப் படிக்க நானாகக் கற்றுக்கொண்டது பிறகுதான். 1973-இல் அரசு வேலையில் சேர்ந்தபோது கோப்புகள் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தன. என் கையெழுத்து உருண்டையாக, வரிசை பிசகாமல் இருப்பதைப் பார்த்த மேலதிகாரி, மஸ்டர் ரோல் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார். தினக்கூலி ஆட்களின் வருகைப் பதிவேடு அது. அந்த ஏட்டில் பெயர் இருந்தால்தான் கூலி.

அந்தக் கையெழுத்தே முதல் வருஷம் என்னை மாட்டிவிட்டது. பிரெஞ்சுப் பள்ளியில் 1 என்ற எண்ணைத் தலையில் நீளமாக ஒரு கோடு இழுத்து எழுதச் சொல்லித் தருவார்கள். தணிக்கைக்கு வந்தவர் என் 1-ஐ எல்லாம் 7 என்று படித்தார். கூட்டுத்தொகை உதைத்தது. விளக்கம் எழுதிக் கொடுத்து, பதிவேட்டைத் திருப்பி எழுதி, ஆறு மாதம் தூக்கம் கெட்டது. அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் தணிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிற வியாதி வந்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

பூங்கா வேலை என்றால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். புல்லை வெட்ட வேண்டும், சறுக்குமரத்தில் பெயர்ந்த தகரத்தை யாராவது பிள்ளை கிழித்துக்கொள்வதற்குள் சரிசெய்ய வேண்டும், பெஞ்சு, விளக்கு, கழிப்பறை எல்லாம் பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது அரசு விழா வந்துவிட்டால் குரோட்டன்ஸ் தொட்டிகளை லாரியில் ஏற்றி மேடைக்கு அனுப்ப வேண்டும். ஆகஸ்ட் மாதம் 15, 16 இரண்டு நாளும் எங்கள் ஊருக்கு விழா. அதனால் ஆகஸ்டில் பாதித் தொட்டிகள் ஊர்வலத்திலேயே இருக்கும். திரும்பி வரும்போது உடைந்த தொட்டிக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. தொட்டிக்கு இருப்புப் பதிவேடு உண்டு, பெஞ்சுக்கு உண்டு, மண்வெட்டிக்கு உண்டு. மரத்துக்குக் கிடையாது. புயலில் விழுந்தால்தான் மரம் எங்கள் கோப்புக்குள் வரும், ஏலத்தில் விடுகிற விறகாக.

எங்களிடம் இருந்த தினக்கூலி ஆட்களில் ஒருவர்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். பெயரை எழுதவில்லை. அவர் பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். பிரெஞ்சு படித்தவன் என்பதால் அவர் என்னை "முசே" என்பார். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னச் சிறுவர் பூங்கா. அது அவர் பொறுப்பு.

அந்தப் பூங்காவில் மரம் வைக்கத் திட்டம் வந்தபோது மேலிடம் குல்மோஹர் கன்று என்று எழுதியது. சிவப்பாகப் பூத்துக் குலுங்கும், பார்க்க அழகு. பள்ளியில் எங்களுக்கு அதன் பெயர் ஃப்ளாம்புவாயான். தழல் மாதிரி எரிவது என்று அர்த்தம். நானும் சந்தோஷமாகக் கோப்பை நகர்த்தினேன். அண்ணன் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"வேர் மேலாலயே ஓடும் முசே. கடல் காத்துக்கு நிக்காது. பூவரசு வைக்கலாம்."

"பூவரசங்கன்னுக்கு எஸ்டிமேட்ல காசு இல்லையே அண்ணே."

"கன்னு எதுக்கு? போத்து வெட்டி நட்டாப் போதும்."

அப்படியே செய்தார். குல்மோஹர் கன்றுகளை உத்தரவுப்படி முன்பக்கம் வைத்துவிட்டு, கிழக்கு வேலி ஓரமாக எங்கிருந்தோ கைத்தடி கனத்தில் பூவரசம் போத்துகளை வெட்டி வந்து ஏழு இடத்தில் நட்டார். தலையில் சாணி அப்பி, வைக்கோல் சுற்றி வைத்தார். அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. அதனாலேயே எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். தினக்கூலி ஆளை 89 நாளைக்கு மேல் தொடர்ந்து மஸ்டர் ரோலில் வைக்கக்கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். 90-ஆம் நாள் அவர் பெயர் இருக்காது. மறுநாள் புது ஆள் போல மறுபடி எழுதுவோம். தொடர்ந்து வேலை செய்தேன், நிரந்தரமாக்குங்கள் என்று நாளைக்கு அவர் உரிமை கேட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான். அந்த இடைவெளியை என் உருண்டைக் கையெழுத்தில் நான்தான் எழுதினேன்.

போத்து நட்ட வருஷம் நல்ல கோடை. ஒரு நாள் காலை அலுவலகம் போகிற வழியில் பார்த்தால், அண்ணன் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். அன்றைக்கு அவருடைய 90-ஆம் நாள்.

"இன்னிக்கு உங்க பேர் இல்லையே அண்ணே, கூலி வராதே" என்றேன்.

"தெரியும் முசே. இப்பத்தான் துளிர் விட்டிருக்கு. ஒரு நாள் விட்டா வாடிப்போவும்" என்று சொல்லிவிட்டு அடுத்த குடத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். எந்த 90-ஆம் நாளிலும் அவர் வராமல் இருந்ததில்லை. ஏட்டில் மட்டும்தான் அவர் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில், நீண்ட நாள் தினக்கூலிகளை நிரந்தரமாக்க ஒரு பட்டியல் கேட்டார்கள். இடைவெளியில்லாத பணி வேண்டும் என்று நிபந்தனை. குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. "இந்த இடைவெளிகள் அலுவலகம் போட்டவை, ஆள் வேலைக்கு வந்திருக்கிறார்" என்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். எழுதினால், வந்தவரை வரவில்லை என்று ஏன் பதிவு செய்தாய் என்று என்னையே கேட்பார்கள். மறுபடி தணிக்கை, மறுபடி விளக்கம். ஏட்டில் உள்ளபடி குறிப்பு எழுதி அனுப்பிவிட்டேன். எழுதியிருந்தால் நடந்திருக்குமா என்று தெரியாது. ஆனால் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பட்டியலை ஒட்டிய அன்று அண்ணன் என் மேஜைக்கு வந்தார். "முசே, எம் பேரு உட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"ரூல்ஸ் அண்ணே" என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், "சாமான் ரூம் சாவி குடுங்க, ஓஸ் பைப்பு எடுக்கணும்" என்றார். கொடுத்தேன். அதோடு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அதற்கப்புறம் எனக்குப் பிரிவு மாறியது. உடம்பு முடிகிற வரை கூலிக்கே வேலை செய்துவிட்டு, பென்ஷன் எதுவும் இல்லாமல் வீட்டோடு இருந்து காலமானார். நான் 2010-இல் மாலையும் பென்ஷனும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரையைக் கடந்தது. எங்கள் ஊர் அப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை. தாவரவியல் பூங்காவில், தெருக்களில், எங்கு பார்த்தாலும் வேரோடு சாய்ந்த மரங்கள். இரண்டு நாள் கழித்து அந்தச் சிறுவர் பூங்காவுக்கு நடந்து போனேன். குல்மோஹர் ஒன்றுகூட நிற்கவில்லை. வேலி ஓரத்துப் பூவரசுகளில் இரண்டு சாய்ந்திருந்தன. மற்ற ஐந்தும் கிளை முறிந்து, இலை உதிர்ந்து மொட்டையாக, ஆனால் நின்றுகொண்டிருந்தன. அடுத்த மழைக்குத் துளிர்த்தும் விட்டன. அந்த ஐந்தும் இன்றைக்கும் எந்தக் கணக்கிலும் இல்லை.

நேற்று மாலை பேரனை அங்கே அழைத்துப் போனேன். காலையில் மஞ்சளாக இருக்கும் பூவரசம்பூ சாயங்காலம் சிவந்துபோவதைக் காட்டினேன். இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து கொடுத்தேன். காது கிழிய ஊதினான்.

"அன்னைக்குக் கேட்டியே, யாரு தண்ணி ஊத்துறாங்கன்னு. இந்த மரங்களுக்கு ஒருத்தர் ஊத்தினாரு" என்று சொல்லி, அண்ணன் பெயரைச் சொன்னேன். அவன் அந்தப் பெயரை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு, இன்னொரு பீப்பி கேட்டான்.